வைரஸ் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? சந்தேகம் உள்ளவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வன்னியில் வயதான எவரிடமும் மலேரியாவை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் உடனே சொல்வார்கள். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசி, சாயம் போட்டு, நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்துப் பார்ப்பார்கள். கிருமி இருந்தால் செங்குழியத்துக்குள் தெரியும். இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் காடு வெட்டிக் குடியேறிய தலைமுறைக்குக் காய்ச்சல் பரிசோதனை என்றால் அதுதான். 2016 செப்டெம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததில் அந்தக் கண்ணாடித் துண்டுகளுக்கும் பங்கு உண்டு.

அதே ஆட்கள்தான் டெங்கு, கொரோனா என்று கேள்விப்பட்டபோது, "அந்தக் கிருமியை ஆராவது கண்ணால கண்டவையோ?" என்று கேட்டார்கள். முழுக்க நியாயமான கேள்வி. ஆனால் வட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவுகள் இதைப் பிடித்துக்கொண்டு, "வைரஸ் என்று ஒன்றே இல்லை, இதுவரை ஒருவரும் அதைத் தனியாகப் பிரித்தெடுக்கவில்லை, பி.சி.ஆர். வெறும் ஏமாற்று" என்று கதையை முடித்துவிடுகின்றன. உயிரியல் படிப்பிக்கிற எனக்கு, அந்தக் குரல் பதிவை விட அதற்கு நாங்கள் கொடுக்கிற பதில்தான் அதிகம் கவலை தருகிறது. "விஞ்ஞானிகள் சொல்கிறார்கள், நம்புங்கள்" என்பது பதில் இல்லை. கேட்டவருக்கு வேலை எப்படி நடக்கிறது என்று காட்ட வேண்டும்.

கீழே அந்த வேலையைப் படிப்படியாகச் சொல்கிறேன். ஒவ்வொரு படியிலும் எந்தச் சந்தேகம் சரியானது, அதை எப்படிச் சோதித்துத் தீர்த்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தொடங்க முன்: மூன்று கேள்விகளைப் பிரித்து வையுங்கள்

இங்கே இதுவரை தெரியாத ஒரு வைரஸ் இருக்கிறதா? இந்த நோயாளியிடம் இருப்பது ஏற்கெனவே தெரிந்த வைரஸ்தானா? அந்த வைரஸ்தான் இந்த நோயை உண்டாக்குகிறதா? இவை மூன்றும் வேறு வேறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் வேறு கருவி வேண்டும். தெரிந்த கிருமியின் மரபுப் பொருள் மாதிரியில் இருக்கிறதா என்று தேடும் பி.சி.ஆர். பரிசோதனை இரண்டாவது கேள்விக்கான கருவி. அதை மூன்றாவது கேள்வியின் முன்னால் நிறுத்தி, "பார், இதால் நோய்க்காரணத்தை நிரூபிக்க முடியவில்லை" என்றால் அது உண்மைதான். அந்த வேலைக்கு அதை ஒருவரும் வைத்திருக்கவில்லை. நான் கேட்ட வாதங்களில் பாதிக்கு மேல் இந்தக் குழப்பத்தில்தான் பிறந்தவை.

படி 1: முதலில் வேறு காரணங்களைக் கழியுங்கள்

வைரஸைத் தேட முதல், வைரஸ் இல்லாத காரணங்களைத் தேடுவதுதான் ஒழுங்கான வழி. விசுவமடுப் பக்கம் ஒரு மரவள்ளித் தோட்டத்தில் நின்றபோது தோட்டக்காரர் ஓர் இலையைப் பிடுங்கித் தந்தார். ஏழு விரல்களில் மூன்று விரல் ஒரு பக்கமாக முறுகி, சிறுத்துப் போயிருந்தன. பச்சையும் வெளிர்மஞ்சளும் திட்டுத் திட்டாகக் கலந்திருந்தது. இலையைப் புரட்டினால் அடியில் தூசு போல வெள்ளை ஈக்கள். தண்டை ஆட்டினதும் எழும்பிப் பறந்து திரும்பவும் வந்து குந்தின.

"பசளை காணாது போல, டீச்சர்" என்றார்.

"தடி எங்க எடுத்தனீங்கள், ஐயா?"

"உந்தப் பக்கத்து வளவிலதான். அங்கயும் இப்பிடித்தான் கிடக்கு."

அவர் சொன்ன காரணத்தைத் தட்டிக் கழிக்கக் கூடாது. சத்துக் குறைந்தாலும் இலை மஞ்சளாகும். களைநாசினி பட்டாலும் முறுகும். எது சரி என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது, அதை யாரும் செய்யலாம். நோய் தெரிகிற மரத்தில் கொஞ்சத் தடியும், சுத்தமான மரத்தில் கொஞ்சத் தடியும் எடுத்து, ஒரே மண்ணில், ஒரே பசளை, ஒரே தண்ணீர் கொடுத்து, வெள்ளை ஈ புகாத நுண்வலைக்குள் நடுங்கள். மண்ணில் குறை என்றால் இரண்டு பக்கமும் மஞ்சளாகும். தடியோடு ஏதோ வருகிறது என்றால் நோய்த் தடியில் மட்டும் தளிரே முறுகிக்கொண்டு வரும். பார்த்து முடிந்ததும் நோய்ச் செடிகளைப் பிடுங்கி எரித்துவிடுங்கள், அயல் தோட்டத்துக்குப் போகக் கூடாது.

இந்தச் சோதனை வைரஸ் என்று நிரூபிக்காது. மண் இல்லை, பசளை இல்லை, தடிக்குள் இருக்கிற ஏதோ ஒன்று என்ற இடம் வரைதான் கொண்டுபோகும். ஆனால் இதில் சுத்தமான தடி நட்ட பக்கம் இருக்கிறதே, அதைத்தான் ஆய்வுகூடத்தில் கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்கிறார்கள். இனி வரும் ஒவ்வொரு படியிலும் "அந்தச் சுத்தமான பக்கம் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே வாருங்கள்.

மனிதருக்கும் இதே ஒழுங்குதான். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் இனந்தெரியாத காய்ச்சலால் உயிர்கள் போனபோது ஊரெல்லாம் புது வைரஸ் என்று கதைத்தது. மாதிரிகளைச் சோதித்தபோது வந்தது எலிக்காய்ச்சல். அது பற்றீரியாவால் வருவது, வைரஸ் இல்லை. காரணம் தெரியாத எல்லாவற்றுக்கும் வைரஸ் என்று பெயர் வைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு நாங்கள் கண்ணுக்கு முன்னால் பார்த்த மறுமொழி அது.

படி 2: வடிகட்டி, ஐதாக்கி, அடுத்ததற்கு மாற்றுங்கள்

வைரஸ் ஆய்வு தொடங்கியது புகையிலையில். 1892 இல் ரஷ்யரான இவனோவ்ஸ்கி, இலை திட்டுத் திட்டாக நிறம் மாறும் சித்திரவடிவ நோய் பிடித்த புகையிலையின் சாற்றைப் பற்றீரியா புகாத பீங்கான் வடிகட்டியால் வடித்தார். வடித்த சாறும் நல்ல செடிக்கு நோயைக் கொடுத்தது. வடிகட்டி வெடித்திருக்கலாம், அல்லது பற்றீரியா சுரந்த நஞ்சு தாண்டி வந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. மிகவும் சரியான சந்தேகம்.

அதைத் தீர்த்தவர் ஒல்லாந்தின் பெயரிங்க், 1898 இல். வடித்த சாற்றை ஒரு செடிக்கு ஏற்றி, அந்தச் செடி நோயானதும் அதன் சாற்றை அடுத்ததற்கு ஏற்றி, இப்படியே கொண்டுபோனார். நஞ்சு என்றால் கைமாறக் கைமாற ஐதாகி ஒரு கட்டத்தில் பலன் அற்றுப்போக வேண்டும். ஒரு கரண்டி சீனியைப் பானைக்குப் பானை கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் நாலாவது பானையில் இனிப்பே இராது. பாலுக்கு ஊற்றும் உறை அப்படி இல்லை, எத்தனையாவது பானைக்கு மாற்றினாலும் பால் தயிராகும், ஏனென்றால் உறைக்குள் இருப்பது பெருகுகிறது. புகையிலைச் சாறு உறை மாதிரி நடந்தது. அதே 1898 இல் ஜேர்மனியில் லெஃப்லரும் ஃப்ரோஷும் மாட்டின் கால்வாய் நோயில் இதையே கண்டார்கள்.

"வைரஸ் எல்லாம் உண்மையில் நஞ்சு" என்று யாராவது சொன்னால் இந்தத் தொடர் மாற்றலை எப்படி விளக்குகிறார் என்று கேளுங்கள். குறைந்துகொண்டே போக வேண்டியது ஏன் குறையவில்லை?

எங்கள் பட்டிகளுக்குத் தெரிந்த இன்னொரு சாட்சியும் உண்டு. 2020 இல் வடக்கில் மாடுகளுக்கு உடம்பு முழுக்கக் கட்டி கட்டியாகப் போட்டதே, லம்பி ஸ்கின். அந்த நோயை முதலில் எழுதிவைத்தது 1929 இல், இன்றைய சாம்பியாவில். அப்போது அங்கே அதைத் தாவர நஞ்சு என்றும் பூச்சிக்கடியின் ஒவ்வாமை என்றும்தான் நினைத்தார்கள். 1940களில் கட்டியில் இருந்து எடுத்ததை நல்ல மாட்டுக்கு ஏற்றியபோது அதற்கும் கட்டி வந்தது. நஞ்சுக் கொள்கை அங்கேயே விழுந்தது. இன்று குரல் பதிவில் புதிதாகக் கேட்பது போலத் தெரிகிற வாதம் ஏற்கெனவே ஒருமுறை சோதிக்கப்பட்டுத் தோற்ற வாதம்.

படி 3: பிரித்தெடுத்துப் பாருங்கள்

இனி, "ஒருவரும் பிரித்தெடுக்கவில்லை" என்ற கதைக்கு வருவோம். 1935 இல் அமெரிக்கரான ஸ்டான்லி புகையிலைச் சித்திரவடிவ வைரஸைப் பளிங்காகவே எடுத்துக் காட்டினார். அடுத்த வருடம் இங்கிலாந்தில் போடனும் பிரீயும் அதற்குள் ஆர்.என்.ஏ. என்ற மரபுப் பொருள் இருப்பதைக் கண்டார்கள். 1939 இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அதன் உருவம் பதிவானது: 300 நனோமீற்றர் நீளமும் 18 நனோமீற்றர் தடிப்பும் உள்ள கோல்கள். 1955 இல் அதன் புரதத்தையும் ஆர்.என்.ஏ.யையும் வேறாக்கி, திரும்பச் சேர்த்தபோது, மீண்டும் நோய் தரும் கோல்கள் உருவாகின.

மலேரியாக் கண்ணாடித் துண்டில் டெங்கு ஏன் தெரியாது என்பதும் இங்கேதான் விளங்கும். செங்குழியத்தின் அகலம் ஏறக்குறைய 7,500 நனோமீற்றர். டெங்கு வைரஸ் 50 நனோமீற்றர். 150 வைரஸை வரிசையாக வைத்தால்தான் ஒரு செங்குழியத்தின் குறுக்களவு வரும். சாதாரண நுணுக்குக்காட்டி ஒளியைக் கொண்டு பார்க்கிறது. 200 நனோமீற்றருக்குக் கீழே ஒளியால் பிரித்துக் காட்ட முடியாது. எவ்வளவு விலை கூடிய வில்லை போட்டாலும் அந்த எல்லை அப்படியேதான் இருக்கும்.

இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படத்திலும் ஏமாறலாம், அதையும் மறைக்கத் தேவையில்லை. எங்கள் கலங்களுக்குள் இயல்பாகவே வட்ட வட்டமான சிறு பைகள் உண்டு. 2020 இல் சிறுநீரகத்தில் கொரோனா வைரஸைக் கண்டதாகச் சில கட்டுரைகள் வந்தபோது, "நீங்கள் காட்டுவது கலத்தின் சாதாரணப் பைகள்" என்று மற்ற நிபுணர்கள் திருத்தினார்கள். அதனால் தனிப் படம் ஒன்று போதாது. கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் புரதம்தான் பிறபொருளெதிரி; குறித்த வைரஸோடு மட்டும் ஒட்டும் பிறபொருளெதிரியில் பொன் துகள்களைக் கோத்துவிட்டு, படத்தில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும் அவை வட்டத்தின் மேல் வந்து ஒட்டுகின்றனவா என்று பார்க்கலாம். டெங்குவில் தூய்மையாக்கிய துகள்களை உறைநிலையில் படமெடுத்து, 2002 இல் அதன் உறையின் அமைப்பையே வரைந்துவிட்டார்கள். வெளிப்புறத்தில் ஒரே புரதத்தின் 180 பிரதிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. தற்செயலான பைக்கு அந்த ஒழுங்கு வராது.

படி 4: கலத்தில் வளர்த்து, பக்கத்தில் ஒரு சுத்தமான கிண்ணம் வையுங்கள்

வைரஸ் தானாக வளராது. அதற்கு உயிர்க் கலம் வேண்டும். 1949 இல் எண்டர்சும் அவருடைய இரு சகாக்களும் போலியோ வைரஸைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்த கலங்களில் வளர்த்தார்கள், 1954 இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. நோயாளியின் மாதிரியைக் கலங்களின் மேல் விடுவார்கள். வைரஸ் இருந்தால் சில நாளில் கலங்கள் வீங்கும், ஒன்றோடொன்று ஒட்டும், கழன்று மிதக்கும்.

குரல் பதிவுகள் வலுவாகக் கதைக்கிற இடம் இது. "கலங்களுக்குச் சாப்பாட்டைக் குறைத்து, அன்டிபயோட்டிக் ஊற்றுகிறார்கள், சாகாமல் என்ன செய்யும்?" நல்ல கேள்விதான். அதற்காகத்தான் பக்கத்தில் இன்னொரு கிண்ணம் இருக்கிறது. அதே கலம், அதே சாப்பாடு, அதே அன்டிபயோட்டிக், நோயாளியின் மாதிரி மட்டும் இல்லை. மருந்தால் சாகிறதென்றால் இரண்டும் சாக வேண்டும்.

மூன்றாவதாக ஒரு கிண்ணமும் வைக்கலாம், என் கண்ணில் அதுதான் இன்னும் அழகான சோதனை. மாதிரியை, அந்த நோயில் இருந்து குணமானவரின் இரத்த நீரோடு கலந்து ஊற்றுவார்கள். அவருடைய பிறபொருளெதிரிகள் வைரஸைக் கட்டிப்போடும், கலங்கள் பிழைக்கும். நோய் வராதவரின் இரத்த நீர் கலந்தால் பிழைக்காது. அன்டிபயோட்டிக் மூன்றிலும் ஒரே அளவுதான்.

அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிற 1954 ஆம் ஆண்டுச் சின்னமுத்து ஆய்வையும் பார்ப்போம். எண்டர்சும் பீபிள்சும் எழுதியது. மாதிரி ஊற்றாத குரங்குச் சிறுநீரகக் கலங்களிலும் அதே மாதிரியான மாற்றம் கண்டதாக அதில் எழுதியிருப்பது உண்மை. "பார்த்தீர்களா, வைரஸே இல்லாமல் நடந்திருக்கிறது" என்று அந்த வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த வரியை எழுதியவர்கள் ஆய்வாளர்களேதான். குரங்குக் கலங்களுக்குள் ஏற்கெனவே வேறொரு வைரஸ் இருக்கக்கூடும் என்ற அபாயம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் கலம் மாறுவதை மட்டும் நம்பாமல், சின்னமுத்து வந்து குணமானவர்களின் இரத்த நீர் அதைத் தடுக்கிறதா என்று சோதித்தார்கள். தடுத்தது. அந்த வைரஸில் இருந்து உருவான தடுப்பூசி 1963 இல் வந்தது.

குரங்குக் கலத்தில் ஒளிந்திருக்கும் வைரஸ் என்ற பயமும் வீண் பயமல்ல. 1960 இல் எஸ்.வி.40 என்ற குரங்கு வைரஸ் அப்படித்தான் பிடிபட்டது, அதுவரை போட்ட போலியோத் தடுப்பூசிகளில் ஒரு பங்கில் அது கலந்திருந்தது. மோசமான தவறு. அதைத் தேடிப் பிடித்தவர்களும் இதே முறைகளை வைத்துத்தான் பிடித்தார்கள்.

படி 5: எழுத்தை வாசியுங்கள், பிறகு எழுதியும் பாருங்கள்

மரபுப் பொருளில் வரிசையாக உள்ள இரசாயன அலகுகளைத்தான் எழுத்து என்கிறார்கள்; கொரோனா வைரஸின் மரபுத் தொடர் ஏறக்குறைய 30,000 எழுத்து நீளமானது. பொதுவாக அதைச் சிறு துண்டுகளாக வாசித்து, ஒன்றன் மேல் ஒன்று பொருந்தும் இடங்களை வைத்துக் கணினியில் கோக்கிறார்கள். "கணினி கட்டிய கற்பனை" என்ற குற்றச்சாட்டு இதில் இருந்து வருகிறது. தவறாகக் கோக்க முடியுமா? முடியும். அதனால் மூன்று சோதனைகள் உண்டு. வேறு ஆய்வுகூடம், வேறு நோயாளி, வேறு கருவி என்று போனாலும் அதே தொடர் வர வேண்டும். நீண்ட துண்டுகளை ஒரே இழுப்பில் வாசிக்கும் கருவிகளிலும் அந்த ஒழுங்கு மாறக் கூடாது.

மூன்றாவது சோதனை எல்லாவற்றையும் விடப் பலமானது. கணினியில் உள்ள எழுத்துகளை மட்டும் வைத்து, இரசாயனத்தால் அந்தத் தொடரைக் கட்டி, கலத்துக்குள் விட்டால் வைரஸ் வர வேண்டும். 2002 இல் அமெரிக்காவில் விம்மரின் குழு போலியோவில் இதைச் செய்தது. இயற்கை வைரஸ் ஒரு துளியும் கையில் இல்லாமல், ஏறக்குறைய 7,500 எழுத்தைக் கட்டி எடுத்தார்கள். வெளியே வந்த வைரஸ் எலிகளை முடமாக்கியது. கொரோனா வைரஸையும் 2020 இல் சுவிற்சர்லாந்தில் இப்படி மீளக் கட்டினார்கள். கற்பனைத் தொடர் என்றால் கலத்துக்குள் போய் ஒன்றும் செய்யாமல் கிடந்திருக்கும்.

மரவள்ளி வைரஸிலும் இதைப் போன்ற ஒன்று நடந்தது. எங்கள் நாட்டின் பெயரையே தாங்கிய வைரஸ் ஒன்று இருக்கிறது, இலங்கை மரவள்ளிச் சித்திரவடிவ வைரஸ். 2002 இல் வெளிவந்த ஆய்வில், நோயுற்ற செடியின் சாறு புகையிலை இனச் செடி ஒன்றைக் குறளாக்கி இலையைச் சுருட்டியது. பிறகு வைரஸின் டி.என்.ஏ.த் துண்டுகள் இரண்டையும் தனியாகப் பிரதி செய்து, அவற்றை மட்டும் ஏற்றினார்கள். அதே அறிகுறிகள் வந்தன. சாறும் இல்லை, ஈயும் இல்லை, மண்ணும் இல்லை. விசுவமடு ஐயாவின் கேள்விக்கு முழுப் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

படி 6: பி.சி.ஆரை அதன் அளவோடு நம்புங்கள்

தெரிந்த தொடரில் இருந்து ஒரு சிறு பகுதியைத் தெரிவு செய்து, அது மாதிரியில் இருந்தால் மட்டும் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்குவதுதான் பி.சி.ஆர். 30 சுற்றில் ஒன்று நூறு கோடிக்கு மேலாகும். எத்தனையாவது சுற்றில் கருவி கண்டுகொண்டது என்பதை சி.ரி. பெறுமானம் என்பார்கள். பெறுமானம் சிறிதென்றால் மாதிரியில் நிறைய இருந்தது, பெரிதென்றால் மிகக் கொஞ்சம்.

இதில் சந்தேகப்படுகிறவர்கள் சொல்கிற ஒரு விஷயம் சரி. பி.சி.ஆர். காட்டுவது மரபுப் பொருளைத்தான், உயிர்ப்புள்ள வைரஸை அல்ல. குணமான பிறகும் சிலருக்குக் கிழமைக் கணக்கில் பொசிற்றிவ் வரும், அவர் நோயைப் பரப்புகிறார் என்று அதற்குப் பொருளில்லை. அந்தக் கால விதிகள் சில இடங்களில் இதைக் கணக்கில் எடுக்காமல் ஆட்களை வருத்தின, அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் "எதைப் போட்டாலும் பொசிற்றிவ் வரும்" என்பது பொய். ஒவ்வொரு தடவையும் மாதிரியே போடாத ஒரு குழாய் கூட ஓடும். அது பொசிற்றிவ் காட்டினால் அந்த முறை ஓடிய அத்தனையும் குப்பைக்குப் போகும். 2020 ஏப்ரலில் யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் கொரோனாப் பரிசோதனை தொடங்கியபோது நாள் நாளாக நெகற்றிவ்தான் பெரும்பாலும் வந்தது என்பதை அன்றைய செய்திகளைக் கேட்டவர்களுக்கு நினைவிருக்கும்.

பி.சி.ஆரைக் கண்டுபிடித்து 1993 இல் நோபல் பரிசு பெற்ற கரி மல்லிஸின் வீடியோவைக் கொரோனாவுக்கு எதிரான சாட்சியாகப் பகிர்கிறார்கள். அவர் 2019 ஓகஸ்டில் இறந்துவிட்டார். கொரோனாப் பரிசோதனை பற்றி அவர் எதுவும் சொல்லியிருக்க முடியாது.

படி 7: இதுதான் நோயைத் தந்ததா?

ஒரு கிருமிதான் நோயைத் தந்தது என்று காட்ட ஜேர்மன் விஞ்ஞானி ரொபேர்ட் கொக் வகுத்த விதிகள் வைரஸுக்குப் பொருந்தவில்லை என்பது அடுத்த வாதம். நோயாளி எல்லாரிடமும் கிருமி இருக்க வேண்டும், நலமானவரிடம் இருக்கக் கூடாது, தனியாக வளர்க்க வேண்டும், நல்ல உடலுக்கு ஏற்றினால் நோய் வர வேண்டும் என்று 19 ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டவை. நலமானவர்களிடமும் கொலராக் கிருமியைக் கண்டபோது அந்த இரண்டாவது விதியைத் தளர்த்தியவர் கொக்கேதான். கலம் இல்லாமல் வளராத வைரஸுக்கு ஏற்ப 1937 இல் அமெரிக்க வைரஸ் ஆய்வாளர் ரிவேர்ஸ் விதிகளைத் திருத்தினார். திருத்திய விதிகளின்படி சார்ஸ் வைரஸை 2003 இல் குரங்குகளில் சோதித்து உறுதி செய்தார்கள்.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் ஈரல் அழற்சி சி. இரத்தம் ஏற்றியவர்களுக்கு ஏ, பி இரண்டும் அல்லாத ஓர் ஈரல் அழற்சி வருவதை 1970களில் ஆல்ட்டர் கவனித்தார். வைரஸை ஒருவராலும் பார்க்க முடியவில்லை, வளர்க்கவும் முடியவில்லை. 1989 இல் ஹௌட்டனும் சகாக்களும் அதன் மரபுத் துண்டை முதலில் பிடித்தார்கள். இங்கே ஒரு சந்தேகக்காரர் "துண்டு மட்டும்தானே?" என்று கேட்டிருந்தால் அது சரியான கேள்வி. ரைஸ் அதையே கேட்டுக்கொண்டு, முழுத் தொடரையும் சரியாகக் கட்டி, 1997 இல் சிம்பன்சியின் ஈரலில் ஏற்றினார். ஈரல் அழற்சி வந்தது. கலத்தில் வளர்க்க முடிந்தது 2005 இல்தான். இன்று மாத்திரையால் குணமாக்கக்கூடிய நோய் அது. மூவருக்கும் 2020 இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

ஜேர்மன் நீதிமன்றம் சின்னமுத்து வைரஸ் இல்லை என்று தீர்ப்பளித்தது என்ற கதைக்கும் இங்கேதான் பதில். ஸ்டெஃபான் லாங்கா என்பவர் 2011 இல், வைரஸ் இருப்பதை நிரூபிக்கும் கட்டுரைக்கு ஒரு இலட்சம் யூரோ தருவதாக அறிவித்தார். ஒரு வைத்தியர் ஆறு கட்டுரைகளைக் கொடுத்தார். கீழ் நீதிமன்றத்தில் வைத்தியர் வென்றார். 2016 இல் மேல் நீதிமன்றத்தில் தோற்றார், ஏனென்றால் அறிவிப்பு ஒரே ஒரு கட்டுரையைத்தான் கேட்டிருந்தது. வைரஸ் இல்லை என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. ஆறும் சேர்ந்துதான் நிரூபிக்கின்றன என்பது அங்கே வந்த நிபுணரின் சாட்சியம். வடிகட்டல், படம், கலம், இரத்த நீர், மரபுத் தொடர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தவறலாம், ஆனால் ஒவ்வொன்றும் தவறுகிற விதம் வேறு. எல்லாம் ஒரே இடத்தில் வந்து முட்டினால்தான் முடிவு.

முட்டாத போது என்ன நடக்கும்

2009 இல், நீடித்த களைப்பு நோய் உள்ளவர்களிடம் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற வைரஸ் இருப்பதாக ஒரு பெயர்பெற்ற சஞ்சிகையில் வந்தது. மற்ற ஆய்வுகூடங்கள் தேடின, கிடைக்கவில்லை. பின்னர் பார்த்தால் அது ஆய்வுகூடக் கலங்களில் எலியிடம் இருந்து தொற்றிக் கலந்த ஒன்று. 2011 இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். சந்தேகம் தன் வேலையைச் செய்தால் இப்படித்தான் இருக்கும்: எந்த முடிவு வந்தால் ஒத்துக்கொள்வேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுச் சோதிக்கும்.

வன்னி ஆட்களின் அவநம்பிக்கைக்கு வேறு வேர்களும் உண்டு, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். கொரோனாக் காலத்தில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை, புதைத்தால் நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்று சொல்லி எரித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று சொல்லியும் 2021 பெப்ரவரி வரை அது நிற்கவில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை அதற்காக மன்னிப்புக் கேட்டது. விஞ்ஞானத்தின் பெயரால் செய்த அநியாயம் அது. ஆனால் நிலத்தடி நீர்க் கதைக்குப் பின்னால் மேலே சொன்ன படிகளில் ஒன்றுகூட இல்லை, வெறும் அதிகாரம்தான் இருந்தது. அதிகாரத்தில் வந்த கோபத்தை ஆய்வுகூடக் கிண்ணத்தின் மேல் காட்டினால், அடுத்த தடவை அதிகாரம் பொய் சொல்லும்போது அதைப் பிடிக்க எங்கள் கையில் ஒன்றும் இராது.

உங்கள் கையில் அறிக்கை வரும்போது

டெங்குவை எடுங்கள். 2017 இல் மட்டும் இலங்கையில் 186,000 க்கு மேற்பட்டோர் டெங்கு சந்தேகத்தில் பதிவானார்கள். என்.எஸ்.1 பரிசோதனை வைரஸின் ஒரு புரதத்தைத் தேடுகிறது, காய்ச்சலின் முதல் நாட்களில்தான் நன்றாகப் பிடிக்கும். ஐ.ஜி.எம். உங்கள் உடல் உருவாக்கும் பிறபொருளெதிரியைத் தேடுகிறது, ஏறக்குறைய ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான் அதற்குப் பயன். இரண்டாம் நாள் ஐ.ஜி.எம். நெகற்றிவ் என்பதால் டெங்கு இல்லை என்று வீட்டுக்குப் போகக் கூடாது. ஏழாம் நாள் என்.எஸ்.1 நெகற்றிவும் அப்படியே. ஜப்பானிய மூளையழற்சி வைரஸ் போன்ற உறவுக்கார வைரஸ்களுக்கான பிறபொருளெதிரியும் சிலவேளை ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. பரிசோதனைகளைக் குழப்பும். குருதிச் சிறுதட்டு எண்ணிக்கை வைரஸ் பரிசோதனையே அல்ல, ஆனால் ஆள் ஆபத்தில் இருக்கிறாரா என்று வைத்தியர் அதையும் வைத்துத்தான் கவனிக்கிறார். அதனால் என்.எஸ்.1 என்ன சொன்னாலும் இரத்த எண்ணிக்கையைத் தவறவிடாதீர்கள். அஸ்பிரின், புரூஃபன் எடுக்காதீர்கள்.

காய்ச்சல் தொடங்கிய திகதியை ஒரு துண்டில் எழுதி, ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக அதைக் கொடுங்கள். கடைசி இரண்டு மூன்று கிழமைக்குள் வயல் சேற்றிலோ வெள்ளத்திலோ இறங்கியிருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் என்றால் அன்டிபயோட்டிக் கேட்கும், டெங்குவுக்குக் கேட்காது, எந்தப் பரிசோதனையை முதலில் எடுப்பது என்பதையே அந்த ஒரு வரி மாற்றும். மாட்டுக்குக் கட்டி போட்டால் மருந்து அடிக்க முதல் கால்நடை வைத்தியரைக் கூப்பிட்டு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். மரவள்ளி என்றால் முறுகின இலையோடு, அதே வளவில் நன்றாக நிற்கிற மரத்தின் இலை ஒன்றையும் பிடுங்கி விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுபோங்கள்.